இருபது நிமிடத்தில் இருண்டுவிடும் மானிட்டர்: பேனலா, பேக்லைட்டா?

காலண்டர்காரன் (கேள்வி)

வணக்கம். சிவகாசியில் ஆஃப்செட் அச்சகங்களுக்கு டிசைன் செய்து கொடுக்கிறேன். ஆடிப் பெருக்குக்குள் அடுத்த வருட காலண்டர் ஆல்பம் முடிந்தாக வேண்டிய நேரம். இப்போது பார்த்து மானிட்டர் மக்கர் செய்கிறது.

21.5 இன்ச், எல்இடி, ஐபிஎஸ் பேனல். வாங்கி ஆறேழு வருடம் இருக்கும், வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. காலையில் போட்டால் பளிச்சென்று வருகிறது. இருபது நிமிடம் போனதும் இடது பக்கம் கீழ் ஓரத்தில் வெளிச்சம் மங்கி மங்கித் துடிக்கிறது. அப்புறம் மொத்தத் திரையும் கறுப்பு. பவர் லைட் மட்டும் நீலமாகவே எரிகிறது. கம்ப்யூட்டர் நிற்பதில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் தொடர்ந்து பாடுகிறது. மானிட்டரை ஆஃப் செய்து போட்டால் ரெண்டு செகண்ட் படம் வந்து மறைந்துவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் திரும்பவும் வேலை செய்கிறது.

கேபிள் மாற்றினேன், லேப்டாப்பில் மாட்டியும் பார்த்தேன். அதே கதைதான். கடைக்கு எடுத்துப் போனால், திறந்துகூடப் பார்க்காமல் "பேனல் போச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்றுவிட்டார்கள். இந்தத் திரையில் தெரிகிற சிவப்பு அச்சில் எப்படி விழும் என்று எனக்குக் கண் பழகிவிட்டது. அதனால்தான் மாற்ற மனசு வரவில்லை. மல்டிமீட்டர் வைத்திருக்கிறேன், சால்டரிங்கும் ஓரளவு வரும். எங்கே ஆரம்பிப்பது?

கணினித்தோழன்

ப்ரோ, ஆறு வருஷம் உழைத்ததே பெரிது. சீசன் நேரத்தில் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். புதுசு வாங்கி வேலையைப் பாருங்கள். பழசை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடலாம்.

மதுரை மெக்கானிக்

புதுசு வாங்குவது தம்பியின் விருப்பம். ஆனால் "பேனல் போச்சு" என்று யாராவது சொன்னால் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பேனல் போனால் கோடு விழும், பாதிப் படம் வரும், திரை வெள்ளையாக நின்றுவிடும். படம் சரியாக வந்துகொண்டிருக்கும்போதே இருட்டிக்கொண்டால் முதல் சந்தேகம் பின்னால் எரிகிற விளக்கின், அதாவது பேக்லைட்டின் மேல்தான் வர வேண்டும். நான் பிக்சர் டியூப் காலத்தில் தொழில் கற்றவன். பேனல் போச்சு என்று முத்திரை குத்தி என் பெஞ்சுக்கு வருகிறவற்றில் பேனல் நன்றாக இருக்கிற மானிட்டர்கள் நிறைய.

காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. அடுத்த முறை இருண்டதும் ஆஃப் செய்யாதீர்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைத் திரையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். ஐகான்களும் மவுஸ் அம்பும் மங்கலாகத் தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் நன்றாக இருக்கின்றன, விளக்கு மட்டும் எரியவில்லை என்று அர்த்தம். எல்சிடிக்கு என்று சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னாலிருந்து வருவதை விடுவதும் மறைப்பதும்தான் அதன் வேலை.

திறக்காமல் செய்யக்கூடிய இன்னொன்று: பிரைட்னஸை 30-க்கு இறக்கி ஓட்டிப் பாருங்கள். இருபது நிமிடம் என்பது ஒரு மணி நேரமாக நீண்டால் சூடு ஏறுவதால் வருகிற கோளாறு. அப்படிக் குறைத்து வைத்திருக்கும்போது மொபைல் கேமராவில் திரை வரிவரியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பல மானிட்டர்களில் எல்இடியை நொடிக்கு இருநூறு தடவை போல அணைத்து அணைத்து எரியவிட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கோளாறு என்று நல்ல போர்டைக் கழற்றி எடுத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி திறக்க வேண்டும். பின் மூடியைக் கழற்றினால் ரெண்டு போர்டு இருக்கும்: பவர் போர்டு, படத்தைக் கவனிக்கிற மெயின் போர்டு. கரண்ட் வருகிற பவர் போர்டில் பெரிய 450 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று நிற்கும். நம் 230 வோல்ட் அதில் டிசியாகச் சேரும்போது 325 வோல்ட் ஆகிவிடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருக்கும். ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்கிற வித்தையெல்லாம் வேண்டாம். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பு ஒன்றின் ரெண்டு ஒயரையும் அதன் கால்களில் வைத்தால் இறங்கிவிடும். ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் மீட்டரின் கறுப்பு ஒயரை மெட்டல் ஃபிரேமில் கிளிப் போட்டுவிட்டு ஒரே கையால் அளங்கள். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

அந்த போர்டில் செகண்டரி பக்கம், அதாவது குறைந்த வோல்டேஜ் வெளியே வருகிற பக்கம் இருக்கிற சின்ன கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாராட், அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூட, 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் தடை குறைந்த வகை) வாங்கி மாற்றுங்கள். பாதிக் கேஸ் அதிலேயே முடியும். உங்களுடையது அதில் முடியாது என்று நினைக்கிறேன். இடது ஓரம் தனியாகத் துடிக்கிறது என்று சொன்னீர்களே, அதுதான் காரணம். கெப்பாசிட்டர் பலவீனமானால் மொத்தத் திரையும் சேர்ந்து துடிக்கும்.

அடுத்து, மெயின் போர்டிலிருந்து பவர் போர்டுக்குப் போகிற ஒயர் கட்டு. அதன் பின்களுக்குப் பக்கத்தில் ஆன்/ஆஃப், பிஎல்ஓஎன், இஎன்ஏ என்று ஏதாவது ஒன்று அச்சிட்டிருக்கும். விளக்கை எரியச் சொல்லி மெயின் போர்டு கொடுக்கிற உத்தரவு அது. 3 முதல் 5 வோல்ட் வரும். திரை இருண்ட பிறகும் அந்த வோல்டேஜ் நின்றால் மெயின் போர்டை விட்டுவிடலாம்.

பிறகு பவர் போர்டிலிருந்து பேனலுக்குள் நுழைகிற எல்இடி கனெக்டர். உங்கள் சைஸில் பெரும்பாலும் ஆறு பின் இருக்கும்: ரெண்டு பிளஸ், நாலு மைனஸ். அதாவது நாலு வரிசை எல்இடி. ஒவ்வொரு வரிசையும் தீபாவளி சீரியல் லைட் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்த்தது, ஒன்று விட்டால் வரிசை முழுவதும் விட்டது. பிரைட்னஸை 100-ல் வைத்துவிட்டு அளங்கள், குறைத்து வைத்தால் மேலே சொன்ன அணைத்து எரிகிற வேலையால் மீட்டர் பொய் சொல்லும். பிளஸ்ஸில் முப்பது, நாற்பது வோல்ட் வரலாம். நாலு மைனஸிலும் அரை வோல்ட், முக்கால் வோல்ட் என்று கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, இருளும் சமயத்தில் ஒரு தடவை அளந்து எழுதுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

காலண்டர்காரன்

நன்றி அண்ணே. டார்ச் அடித்தால் படம் தெரிகிறது! போட்டோஷாப் கட்டங்கள்கூடத் தெரிகின்றன. பிரைட்னஸ் 30-ல் வைத்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது. கெப்பாசிட்டர் எதுவும் உப்பவில்லை.

இஎன்ஏ என்று போட்ட பின்னில் 4.8 வோல்ட், இருண்ட பிறகும் அப்படியே நிற்கிறது. எல்இடி கனெக்டரில் நீங்கள் சொன்ன மாதிரி ஆறு பின். குளிர்ந்திருக்கும்போது பிளஸ்ஸில் 33.6. மைனஸ் நாலும் 0.5-லிருந்து 0.7-க்குள். சூடேறித் துடிக்க ஆரம்பித்ததும் முதல் மைனஸ் மட்டும் பூஜ்யத்துக்கு விழுகிறது, பிளஸ் ஐம்பதைத் தாண்டி எகிறுகிறது, உடனே இருட்டு. அதன் பிறகு பிளஸ்ஸில் 18 வோல்ட் மட்டும் நிற்கிறது. எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கிற டிரைவர் ஐசிதான் போய்விட்டதா?

மதுரை மெக்கானிக்

ஐசி மேல் பழி போடாதீர்கள் தம்பி, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. சூடேறினால் முதல் வரிசை எங்கேயோ விட்டுப்போகிறது. அதில் கரண்ட் ஓடவில்லை என்றதும் ஐசி வோல்டேஜை ஏற்றி ஏற்றிப் பார்க்கிறது. ஐம்பதைத் தாண்டியதும் எல்லை மீறிவிட்டது என்று மொத்தத்தையும் நிறுத்திக்கொள்கிறது. மிச்சம் நிற்கிற 18 வோல்ட் பவர் சப்ளையிலிருந்து ஏற்றப்படாமல் அப்படியே வருவது. ஆஃப் செய்து போடும்போது ரெண்டு செகண்ட் வந்து போவதும் இதனால்தான். ஐசியோ அதற்கு ஸ்விட்ச் மாதிரி வேலை செய்கிற மாஸ்ஃபெட்டோ போயிருந்தால் காலையில் குளிர்ந்திருக்கும்போதும் எரியாது. 33.6 வோல்ட் என்றால், ஒரு வெள்ளை எல்இடிக்கு மூன்று வோல்ட் சொச்சம் என்று வைத்தால், வரிசைக்குப் பதினொன்று இருக்கும்.

இப்போது பேனலைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். அந்த ஆறு பின் கனெக்டரின் அடியில் சால்டரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பின்னைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் டிரை சால்டர், அதாவது பிடிப்பு விட்ட சால்டர். திரும்பச் சூடாக்கிக் கொஞ்சம் புது ஈயம் விட்டால் கதை முடிந்தது. ஒயர் கனெக்டருக்குள் தளர்ந்திருக்கிறதா என்றும் ஆட்டிப் பாருங்கள்.

அங்கே ஒன்றுமில்லை என்றால் கோளாறு பேனலுக்குள் இருக்கிறது. அதையும் பிரிக்காமலே உறுதி செய்யலாம். டிவி மெக்கானிக் எல்லாரிடமும் பேக்லைட் டெஸ்டர் இருக்கும். இல்லையென்றால் 9 வோல்ட் பேட்டரி நாலை வரிசையாகச் சேர்த்தால் 36 வோல்ட். அதோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள், ரெசிஸ்டர் இல்லாமல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மானிட்டரை பிளக்கிலிருந்து எடுத்து, கனெக்டரைப் பிடுங்கி, பேனல் பக்கம் போகிற ஒயரில் பிளஸ்ஸையும் முதல் மைனஸையும் தொட்டால் அந்த வரிசை மட்டும் மங்கலாக எரியும். எரிகிறபோது ஹேர் டிரையரால் கீழ் ஓரத்தை இடமிருந்து வலமாக மெதுவாகச் சூடாக்கிக்கொண்டே போங்கள். அணைகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் ஆள் இருக்கிறான்.

காலண்டர்காரன்

கனெக்டர் சால்டர் சுத்தமாக இருக்கிறது. பேட்டரி வைத்தியம் செய்தேன். இடது ஓரத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளிச் சூடு பட்டதும் அணைகிறது. ஆறினால் எரிகிறது. பேனலைப் பிரிக்கத்தான் வேண்டுமா? ஆன்லைனில் முழு எல்இடி ஸ்ட்ரிப்பும் தனி டிரைவர் போர்டும் சேர்ந்த கிட் கிடைக்கிறதே, அதைப் போட்டுவிட்டால்?

மதுரை மெக்கானிக்

கிட் போட்டாலும் பேனலைப் பிரிக்காமல் போட முடியாது. அது போக, உங்கள் தொழிலுக்கு அந்த கிட் வேண்டாம். அதில் வருகிற எல்இடி பெரும்பாலும் நீலம் பாய்ந்த வெள்ளை. பில் போடுகிற கடைக்கு அது போதும். நீங்கள் முருகன் வேட்டியின் சிவப்பைப் பார்த்து அச்சுக்கு அனுப்புகிறவர். விளக்கின் நிறம் மாறினால் திரையில் எல்லா நிறமும் மாறும்.

ஒன்று, இதே பேனலுக்கான ஸ்ட்ரிப் தேடுங்கள். மானிட்டர் மாடல் எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்காது. பேனலின் முதுகில் தனி ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள எண்தான் கணக்கு. ஒரே மானிட்டர் மாடலுக்குள் வேறு வேறு பேனல் வந்திருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கண்ணாடி உடைந்த பேனல்களைக் கழித்து ஸ்ட்ரிப் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கூரியரில் வரும். இல்லையென்றால் விட்டுப்போன ஒரு எல்இடியை மட்டும் மாற்றலாம். அதே அளவு, அதே மாதிரி பழைய ஸ்ட்ரிப்பிலிருந்து எடுத்தது நல்லது. புத்தம் புதிதை நடுவில் வைத்தால் அந்த இடம் மட்டும் கீழ் ஓரத்தில் பளிச்சென்று தனியாகத் தெரியலாம்.

சிலர் போன எல்இடியை ஒயர் வைத்துத் தாண்டிவிடச் சொல்வார்கள். எரியும். ஆனால் அந்த வரிசையில் மூன்று வோல்ட் குறைந்துபோவதால் மிச்சத்தை ஐசி தன்மேல் சுமந்துகொண்டு சூடாகும். சில ஐசி அதை ஷார்ட் என்று கண்டுபிடித்து அணைத்தும் விடும். அவசரத்துக்கு ஒரு நாள் ஓட்டலாம், அவ்வளவுதான்.

பிரிப்பது பற்றி விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல பேனல் சாவது இங்கேதான். மின்விசிறியை நிறுத்துங்கள். தரையையும் மேஜையையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தூசி அடங்கட்டும் என்று கொஞ்ச நேரம் விடுங்கள். பேனலை மெத்தென்ற துணிமேல் குப்புறப் போட்டு, விளிம்பில் ஓடுகிற நீளமான சின்ன போர்டின் ஸ்குரூக்களையும் டேப்பையும் எடுங்கள். அந்த போர்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒயர் கிடையாது, பழுப்பு நிறத்தில் காகிதம் போல மெல்லிய ரிப்பன்கள்தான் இருக்கும். அதில் ஒன்று மடிந்து கீறினால் திரையில் ஆயுசுக்கும் கோடு. பேனலை நிமிர்த்தி, இரும்புச் சட்டத்தின் பூட்டுகளை நெம்பி எடுத்தபின் கண்ணாடியையும் அந்தச் சின்ன போர்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். கூட இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. தூக்கியதை அட்டைமேல் சமமாக வையுங்கள்.

கீழே மெல்லிய ஷீட்டுகள் மூன்று போல இருக்கும். எடுப்பதற்கு முன் மொபைலில் போட்டோ. காட்டன் கிளவுஸ் போட்டு ஓரத்தை மட்டும் பிடித்து, மூன்றையும் பிரிக்காமல் மொத்தமாக எடுத்து வையுங்கள். வரிசை மாறினாலோ ஒன்று தலைகீழானாலோ திரை பட்டை பட்டையாகத் தெரியும். விரல் ரேகை பட்டால் துடைக்கத் துடைக்கப் பரவும். அதற்கும் கீழே கனமான அக்ரிலிக் தகடு, அதன் புள்ளிகள் அச்சிட்ட பக்கம் அடியில் இருக்கிற வெள்ளை ரிஃப்ளெக்டரைப் பார்த்திருக்கும். எல்இடி ஸ்ட்ரிப் கீழ் விளிம்பில், பட்டையான உலோகத்தில் டேப்பால் ஒட்டியிருக்கும். ஹேர் டிரையரால் சூடு காட்டினால் மெதுவாக வரும். வளைக்காதீர்கள், வளைத்தால் நல்ல எல்இடியின் சால்டரும் விட்டுவிடும்.

இப்போது பேட்டரியைத் திரும்பக் கொடுத்து, அந்த நாலு விரற்கடை இடத்தில் ஒவ்வொரு எல்இடியாகப் பாருங்கள். மஞ்சள் பரப்பில் பழுப்போ கறுப்போ சின்னப் புள்ளி இருந்தால் அதுதான். வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். அப்போது ஒவ்வொன்றின் பக்கவாட்டையும் பல்குச்சியால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது வரிசை எரிந்து, விட்டால் அணைகிறதா பாருங்கள்.

ஸ்ட்ரிப் அலுமினியத்தில் செய்தது என்றால் சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்ன் எல்இடியின் சால்டரை உருக்காது, சூட்டையெல்லாம் உலோகம் குடித்துவிடும். இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து நிறுத்தி, காட்டன் சூட்டில் வைத்து, அந்த இடத்தை மட்டும் அதன்மேல் வையுங்கள். கீழிருந்து சூடு ஏறியதும் மேலே சால்டரிங் அயர்ன் தொட்டவுடன் எல்இடி நகரும். ட்வீசரால் பக்கவாட்டில் பிடியுங்கள், மஞ்சள் பரப்பு மெத்தென்று இருக்கும், அழுத்தினால் உள்ளே இருக்கிற நூலிழைக் கம்பி அறுந்துவிடும். பிளஸ் மைனஸ் பார்த்து வையுங்கள்.

மூடும் முன் ஷீட், கண்ணாடி எல்லாம் வைத்து, வெளிச் சட்டம் மட்டும் மாட்டாமல், 100-ல் ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இனிமேல் 100 வேண்டாம், உங்கள் அறைக்கு 60, 70 போதும். பகல் முழுக்க உச்சத்தில் எரிந்ததால்தான் ஒன்று வெந்துபோனது.

காலண்டர்காரன்

ஸ்ட்ரிப்பே கிடைத்துவிட்டது அண்ணே, பேனல் எண்ணைச் சொன்னதும் கூரியரில் அனுப்பினார்கள். பழையதில் இடமிருந்து ஐந்தாவது எல்இடியில் கடுகளவு பழுப்புப் புள்ளி. மாற்றி, காலையிலிருந்து ஓடுகிறது, நாலு மைனஸும் 0.6-க்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. வலது மேல் பக்கம் ஒரு தூசி மட்டும் மாட்டிக்கொண்டது. வாயால் ஊதி எடுக்கலாமா?

மதுரை மெக்கானிக்

ஊதினால் எச்சில் தெறிக்கும், அது தூசியைவிட மோசம். கேமரா லென்ஸுக்கு விற்கிற ரப்பர் ப்ளோயர் வாங்குங்கள். தூசி கூர்மையான புள்ளியாகத் தெரிந்தால் கண்ணாடிக்கும் முதல் ஷீட்டுக்கும் நடுவில் இருக்கிறது, கண்ணாடியை மட்டும் அந்த மூலையில் தூக்கினால் போதும். மங்கலான நிழலாகத் தெரிந்தால் இன்னும் ஆழத்தில் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

பழையகணினி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும் ஐயா. எங்கள் வீட்டு சிசிடிவிக்கு ஒரு பழைய 17 இன்ச் சதுர மானிட்டர். போட்டவுடன் இளஞ்சிவப்பாக எரிந்து ரெண்டு செகண்டில் அணைந்துவிடுகிறது. இதே வைத்தியமா?

மதுரை மெக்கானிக்

அது வேறு ஜாதி. அதில் எல்இடி இல்லை, சிசிஎஃப்எல் என்கிற பென்சில் போல மெல்லிய டியூப்லைட். இளஞ்சிவப்பு என்றால் டியூப் கிழடாகிவிட்டது. ஒரு டியூப் சரியாகக் கரண்ட் வாங்கவில்லை என்றாலும் டியூபுக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கிற இன்வெர்ட்டர் ரெண்டு செகண்டில் எல்லாவற்றையும் அணைத்துவிடும். டியூப் கனெக்டரில் மீட்டரை வைக்காதீர்கள். எரியத் தொடங்கும்போது ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும், மீட்டரும் போகும், உங்களுக்கும் ஷாக்.

அந்தக் காலத்து மானிட்டர் என்றால் முதலில் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள், 2000-களில் வந்தவற்றில் உப்பாதது அபூர்வம். பிறகு இன்வெர்ட்டர் டிரான்சிஸ்டர்கள். சில போர்டுகளில் சி5707 ஜோடியாக இருக்கும், ஒன்று ஷார்ட் ஆனால் ரெண்டையும் சேர்த்து மாற்றுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்களின் செகண்டரியை, பிளக்கை எடுத்துவிட்டு, ஓம்ஸில் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தனியாக நின்றால் அதுதான்.

இதெல்லாம் நன்றாக இருந்து டியூப்தான் போயிருந்தால், மேலே அந்தத் தம்பிக்கு வேண்டாம் என்ற எல்இடி கிட் உங்களுக்குச் சரியாகப் பொருந்தும், சிசிடிவிக்கு நிறம் முக்கியமில்லை. கிட் போர்டில் நாலு ஒயர்: 12 வோல்ட், கிரவுண்ட், இஎன்ஏ, டிம் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது). கடைசி ரெண்டையும் பழைய இன்வெர்ட்டருக்கு மெயின் போர்டிலிருந்து வருகிற அதே பெயர் கொண்ட பின்களில் கொடுங்கள். பழைய இன்வெர்ட்டரின் ஃபியூஸை எடுத்துவிட மறக்காதீர்கள். கழற்றுகிற டியூபை உடைக்காமல் எடுங்கள், உள்ளே கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. முனைகளில் வருகிற ரப்பர் மூடியைப் பிளேடால் கீறினால் டியூப் தானாக நழுவி வரும், இழுக்கத் தேவையில்லை.